வெள்ளிக்காசு: நிலையும் மதிப்பும்

பழைய வெள்ளிக்காசுக்கு இரண்டு விலை உண்டு: ஒன்று வெள்ளியின் எடைக்கு, மற்றது காசின் நிலைக்கு. இலங்கையில் மீரியபெத்த போன்ற ஊவா மலைத்தோட்டங்கள் உருவான காலத்தில் தொழிலாளர் சம்பளத்துக்கு இந்திய வெள்ளி ரூபாய் பெரிதும் புழங்கியது. 11.66 கிராம் எடை; அதில் வெள்ளி 91.7 வீதம். 1892இல் வெளிவந்த இலங்கையின் 50 சதத்தில் வெள்ளி 80 வீதமே. 1919இல் அது 55 வீதமாகக் குறைந்தது.

தேய்மானத்தை முதலில் காட்டுபவை மேடான இடங்கள்: காசிலுள்ள விக்டோரியா அரசியின் கன்னம், காதுக்கு மேலுள்ள முடி, கிரீடத்தின் விளிம்பு. அவை கூர்மையாக இருந்தால் சேகரிப்பாளர் வெள்ளி விலையைவிடப் பல மடங்கு தருவார். எழுத்து மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் எடைக்குத்தான் விலை.

காசுமாலைக்காகத் துளையிட்டதும் வளையம் பற்றவைத்ததும் பெருங்குறைகள். குடும்பத்துக்கு அந்த மாலை விலைமதிப்பற்றது. நாணயச் சந்தை அப்படிப் பார்ப்பதில்லை.

ஆனால் நல்ல காசைக் கெடுப்பது பெரும்பாலும் அக்கறைதான். புளியும் சாம்பலும் பற்பொடியும் போட்டுத் தேய்த்தால் இயல்பான கருமையோடு மேற்பரப்பின் மெல்லிய ஒளியும் போய்விடும், கீறல்கள் நிற்கும். இழந்த ஒளி திரும்பாது.

தேய்ந்த காசுக்கு எடைக்குத்தான் விலை என்பதற்கு அரிய காசு மட்டும் விதிவிலக்கு. 1911 ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அரசரின் அங்கியிலிருந்த யானை பன்றிபோலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்து, அச்சு மாற்றப்பட்டது. அந்தக் காசு தேய்ந்திருந்தாலும் தேடுவோர் உண்டு.

பாட்டியின் பெட்டியில் வெள்ளிக்காசு கிடைத்தால், விளிம்பைப் பிடித்து எடுங்கள், துலக்காதீர்கள்.