கொழுக்கிப்புழுவும் தோட்ட மக்களும்: உண்ணப்படாத மருந்தின் வரலாறு

மருத்துவர் மருந்தை விதிக்கிறார். நோயாளியோ அதனை உண்ணத் தொடங்குவதே இல்லை. இது மருத்துவ உலகம் அண்மையிற் கண்ட புதுமையன்று. நீண்டகால நோய்களுக்கான மருந்துகளை விதித்தவாறு உட்கொள்வோர் வளர்ச்சியடைந்த நாடுகளிற்கூட ஏறத்தாழ அரைப்பங்கினரே என உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டறிக்கை கூறிற்று. இதற்கு நோயாளியின் அறியாமையே காரணம் எனக் கூறிவிடுதல் எளிது. அவ்விளக்கம் எத்துணை குறையுடையது என்பதை, கண்டிக்கு வடக்கே மாத்தளைத் தோட்டங்களில் 1916இல் தொடங்கிய கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பிலேயே முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் இறப்பரும் வளர்ந்தன. அவர்தம் மருத்துவத் தேவைகளுக்கென 1872இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் அவர்கள் வாழ்ந்த லயங்களிற் பெரும்பாலானவற்றிற்கு மலசலகூடம் இருக்கவில்லை. கொழுக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணை அடைகின்றது. அங்கே பொரித்த குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுட் புகுகின்றது. இவ்வுண்மையை ஆதர் லூஸ் எகிப்தில் 1898இற் கண்டறிந்தார். ஈரமண்ணில் வெறுங்காலுடன் உழைப்போர்க்கு இந்நோய் வாய்ப்பதில் வியப்பில்லை. குடலில் ஒட்டிய புழு நாள்தோறும் சிறிது சிறிதாகக் குருதியை உறிஞ்ச, சோகையும் சோர்வும் மெல்ல மெல்லத் தோன்றும்.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் 1909 முதல் இந்நோயை எதிர்த்த றொக்பெல்லர் நிறுவனத்தார், அப்பணியைப் பிறநாடுகளுக்கும் விரித்து, 1916இல் மாத்தளைக்கு வந்தனர். பரிசோதிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளருட் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோரிடம் புழு காணப்பட்டது. எனவே நோயுற்றோரைத் தேடிச் சிகிச்சை செய்தல் என்ற முறை கைவிடப்பட்டு, தோட்டம் முழுவதற்கும் மருந்தூட்டும் முறை மேற்கொள்ளப்பட்டது. அக்காலத்து மருந்து கெனோபோடியம் எண்ணெய். வெறுவயிற்றில் அதனை உண்டு, பின்னர்ப் பேதியுப்பும் கொள்ளல் வேண்டும். தலைச்சுற்றல், வாந்தி, காதிரைச்சல் என்பன அதன் பக்கவிளைவுகள். அளவு மிகின் உயிருக்கும் ஊறு நேரலாம்.

தொழிலாளர் இம்மருந்தை விரும்பவில்லை. பேதிமருந்து அவர்களுக்குப் புதிதன்று. சோகையைப் பாண்டு எனச் சித்த மருத்துவம் நெடுங்காலமாக அறிந்திருந்தது. ஆயின் இங்கு மருந்து நோயின் முறைப்பாட்டைப் பின்தொடர்ந்து வரவில்லை. முறைப்பாடற்றவனையும் தேடி வந்தது. தன்னை நோயாளி எனக் கருதாத ஒருவன் காலையில் நலமாக எழுந்து, மருந்துண்டபின் மாலைவரை நோயாளியாகக் கிடந்தான். அவன் அனுபவத்தில் நோய் புழுவினால் வரவில்லை, மருந்தினாலேயே வந்தது.

இரண்டாவது காரணம் கூலி. பிரட்டுக்களத்திற் பெயர் பதிந்து வேலைக்குச் சென்றால்தான் அன்றைய சம்பளம். அரைநாள் உழைப்பு அரைப்பெயராகவே கணிக்கப்படும். பேதியால் ஒருநாள் வேலை கெடுதல் தொழிலாளிக்கு உணவுப் பிரச்சினையாயிற்று. துரைமார்க்கு அதுவே உற்பத்திப் பிரச்சினையாயிற்று. மூன்றாவது காரணம் மருந்து வந்த வழி. வேலை வாங்கிய அதிகாரமே, கங்காணி வாயிலாக, மருந்தையும் உண்ணுமாறு பணித்தது. பணிக்கு அஞ்சி உண்பவனை மருந்தை ஏற்றுக்கொண்டவன் எனக் கூறுதல் பொருந்தாது.

நான்காவது காரணமே மிக ஆழமானது. மருந்து புழுவை வெளியேற்றிற்று. மண்ணையோ அது தூய்மைப்படுத்தவில்லை. மலசலகூடம் அமைக்கும் செலவை ஏற்கத் தோட்ட உரிமையாளர் பலர் தயங்கினர். இதனால் மருந்துண்டவர் அதே மண்ணில் மீண்டும் தொற்றுக்கு ஆளாயினர். ஆதலின் மருந்தாற் பயனில்லை என்ற தொழிலாளியின் எண்ணம் மூடநம்பிக்கையன்று; தன் சூழலை நோக்கி அவன் செய்த கணிப்பு எனலே தகும்.

மோரிஸ் ஹால் 1921இல் காபன் நாற்குளோரைட்டின் ஆற்றலைக் கண்டறிந்ததைத் தொடர்ந்து சிகிச்சை எளிதாயிற்று. அதற்கும் ஈரலைத் தாக்கும் தன்மை உண்டு. ஆனால் உண்மையான மாற்றம் மருந்தில் நிகழவில்லை. 1926இல் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவு தாய்சேய் நலம், பாடசாலைச் சுகாதாரம், வீடுதேடிச் செல்லும் மருத்துவிச்சி ஆகியவற்றை ஒன்றிணைத்தது. மருந்து கொடுப்பதற்குமுன் மக்களை அறிதல் அதன் அடிப்படையாயிற்று. எனினும் இவ்வமைப்பு நாட்டிற் பரவியபோது தோட்டங்கள் நெடுங்காலம் அதற்குப் புறம்பாகவே நின்றன. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் முயற்சி 1990களிலேயே உருவாயிற்று.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தின் கூறுகள் நான்கனுள் நோயுற்றவனையே முதலில் வைக்கின்றது. மாத்தளையில் அவன் இறுதியில் வைக்கப்பட்டான். இன்று குருதியமுக்கமும் நீரிழிவும் அவ்வாறே நோவின்றி வந்து, நலமாயிருப்பதாக உணர்பவனை நாள்தோறும் மருந்துண்ணக் கோருகின்றன. பேராதனையில் 1962 முதல் இயங்கும் மருத்துவபீடத்திலிருந்து வெளிவருவோர் மருந்துச்சீட்டு எழுதும்போது, மாத்தளை எழுப்பும் வினா அவர்கள் முன்னும் நிற்கின்றது: இம்மருந்து உண்பவனின் ஒருநாளிலிருந்து எதனைப் பறிக்கின்றது? அதற்கு விடை காணாதவரை, உண்ணப்படாத மருந்துக்கு நோயாளியை மட்டும் குறைகூறுதல் நீதியாகாது.