கோயில் இழந்த தெய்வம்: ரோமின் விர்த்தூஸும் கிறித்தவ நற்பண்பும்

கி.மு. 208இல் ரோமானியத் தளபதி மார்செல்லஸின் நேர்த்திக்கடனுக்கு ஒரு தடை வந்தது. கி.மு. 222இல் கிளாஸ்டிடியம் போரில் நேர்ந்துகொண்டபடி, நன்மதிப்பின் தெய்வமான ஹோனோஸையும் வீரத்தின் தெய்வமான விர்த்தூஸையும் ஒரே கோயிலில் வைக்க அவர் விரும்பினார். தலைமைக் குருமார் ஒப்பவில்லை. ஒரே கருவறையில் இரு தெய்வங்கள் இருந்தால், அங்கே இடி விழுந்தாலோ வேறு தீக்குறி தோன்றினாலோ யாருக்குப் பரிகாரப் பலி இடுவது என்று தெரியாமல் போகும் என்றனர். வரலாற்றாசிரியர் லிவி இதைப் பதிவு செய்திருக்கிறார். விர்த்தூஸுக்கென்று தனிச் சந்நிதி எழுப்பும் வேலை அவசரமாகத் தொடங்கியது. அது முடியும்முன், அதே ஆண்டில், தென் இத்தாலியின் வெனூசியா அருகே கார்த்தேஜ் தளபதி ஹானிபாலின் படையினர் பதுங்கியிருந்து தாக்கியதில் மார்செல்லஸ் இறந்தார். கி.மு. 205இல் அவர் மகன்தான் அதை அர்ப்பணித்தார்.

குருமாரின் தீர்ப்பைச் சடங்குப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. வீரம் மனிதனின் குணம் மட்டுமன்று, பெயரும் பலிபீடமும் பலி பெறும் உரிமையும் உள்ள ஓர் ஆற்றல் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. 'இது யாருக்கு உரியது?' என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. நற்பண்பு பற்றிக் கிறித்தவர்கள் பின்னர் நடத்திய விவாதமும் இதே கேள்வியைச் சுற்றியே நகர்ந்தது என்பது என் வாதம்.

தொடக்கத்தில் விர்த்தூஸ் போர்க்களத்துக்குரிய ஆண்மையைக் குறித்தது. பிறகு அதன் எல்லை விரிந்தது. கி.மு. 44இல் ரோமானியச் சிந்தனையாளர் சிசெரோ 'கடமைகள்' என்ற நூலில் கிரேக்கரின் நான்கு நற்பண்புகளை ரோமானியக் குடிமகனுக்கு ஏற்ப விளக்கினார். கி.மு. 27இல் பேரரசர் அகஸ்டஸுக்காக மேலவைக் கூடத்தில் வைக்கப்பட்ட பொற்கேடயம் வீரம், கருணை, நீதி, பக்தி ஆகியவற்றைப் போற்றியது. நான்கும் ஊரறியப் பாராட்டப்படவேண்டியவை. பார்ப்பவர் இல்லாத வீரம் ரோமில் அரைகுறை வீரமே.

கி.பி. 203இல் கார்த்தேஜ் நகரில் கிறித்தவர்களான பெர்பெத்துவாவும் அடிமைப்பெண் பெலிசித்தாவும் அரங்கில் கொல்லப்பட்டபோதும் பார்வையாளர்கள் திரண்டிருந்தனர். அஞ்சாமையை மெச்சும் கூட்டம் அது. ஆனால் பெலிசித்தா சில நாள் முன்பே வேறொன்றைச் சொல்லியிருந்தார். சிறையில் பேறுகால வலியில் அவர் கதறியபோது, 'இதற்கே இப்படியென்றால் விலங்குகள்முன் என்ன செய்வாய்?' என்ற பொருளில் காவலர் ஒருவர் ஏளனம் செய்தார். இப்போதைய வலியைத் தாமே தாங்குவதாகவும், அரங்கில் தம்முள் இருக்கும் இன்னொருவர் தமக்காகத் தாங்குவார் என்றும் அவர் விடையளித்தார். மனத்திடம் இருக்கிறது, ஆனால் அது அவருடையதன்று. எந்த இறையியல் நூலும் எழுதாத ஓர் அடிமைப்பெண் இதைத் தெளிவாகச் சொன்னதை ஆய்வாளர்கள் இன்னும் அழுத்திப் பேசவேண்டும்.

ஆளுநராக இருந்து 374இல் மிலான் ஆயரான அம்புரோஸ், சிசெரோவின் நூலை முன்மாதிரியாகக் கொண்டு திருப்பணியாளர்களுக்கு ஒரு நூல் எழுதினார். விவேகம், நீதி, மனத்திடம், தன்னடக்கம் என்ற சிசெரோவின் நான்கும் அப்படியே நின்றன. எடுத்துக்காட்டுகளில் ஆபிரகாமும் தாவீதும் முன்னுக்கு வந்தனர்.

408இல் விசிகோத்துகளின் தலைவர் அலாரிக் ரோமை முற்றுகையிட்டார். அவர் கேட்ட மீட்புத்தொகையில் 5,000 இராத்தல் பொன்னும் 3,000 இராத்தல் மிளகும் அடங்கும். பொன் போதாமல் தெய்வச் சிலைகள் உருக்கப்பட்டன. விர்த்தூஸின் சிலையும் அவற்றில் ஒன்று. ரோமானியரின் வீரம் அத்தோடு அழிந்தது என்று எழுதினார் பழைய சமயத்தவரான சோசிமஸ். 410இல் நகரம் சூறையாடப்பட்டது.

பழைய தெய்வங்களைக் கைவிட்டதே இந்த வீழ்ச்சிக்குக் காரணம் என்ற குற்றச்சாட்டுக்கு விடையாக, 413 முதல் 426 வரை 'கடவுளின் நகரம்' நூலை எழுதினார் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தினார். நற்பண்பு தெய்வமன்று, கடவுளின் கொடை என்றார். மார்செல்லஸின் கோயில் வழக்கில் குருமார் பிரித்துவைத்த உரிமையை ஒரே கடவுளிடம் சேர்த்த தீர்ப்பு இது. விர்த்தூஸ் கோயிலும் ஹோனோஸ் கோயிலும் ஒட்டி நின்றதையே அவர் சான்றாக்கினார்: ரோமானியர் நற்பண்பைப் புகழுக்காகவே நாடினர் என்பதற்கு அந்தக் கட்டட அமைப்பே சாட்சி. மிக நுட்பமான வாசிப்பு இது. இந்நூலுக்கு வெகுமுன்பே நான்கு நற்பண்புகளையும் கடவுளன்பின் நான்கு வடிவங்களாக வரையறுத்தவர் அவர்.

அதே நூலின் 19ஆம் பகுதியில், உண்மைக் கடவுளைச் சாராத நற்பண்புகள் தீயபண்புகளே என்கிறார். இது மிகையான கடுமை என்றே நினைக்கிறேன். கார்த்தேஜியரிடம் கொடுத்த வாக்கைக் காக்கத் திரும்பிச் சென்று மாண்ட ரோமானியத் தளபதி ரெகுலஸை அவரே முதற்பகுதியில் மனமாரப் போற்றுகிறார். 5ஆம் பகுதியில் இன்னும் ஒருபடி போகிறார்: பேராசையையும் சிற்றின்பத்தையும் அடக்கி நாட்டுக்காக உழைத்த பழைய ரோமானியருக்குக் கடவுள் பேரரசையே கூலியாகக் கொடுத்துவிட்டார், அவர்கள் குறைசொல்ல இடமில்லை என்கிறார்.