உள்நாட்டுப் போரும் ஒரு பெண்ணின் நாட்குறிப்பும்

போர் வரலாறு எழுதுவோர் படைகளின் நடமாட்டத்தையும் தளபதியரின் திறமையையும் விரித்துரைப்பர். அப்படைகள் கடந்து சென்ற ஊர்களில் மக்கள் எதனை உண்டனர், உப்பும் துணியும் எங்கிருந்து வந்தன, மாண்டோர் பட்டியலை வீட்டிலிருந்தோர் எவ்வாறு வாசித்தனர் என்பன அரச ஆவணங்களிற் பெரும்பாலும் காணப்படா. அவற்றை அறிய விழைவோர் தனிமனிதர் எழுதிய கடிதங்களையும் நாட்குறிப்புக்களையுமே நாடவேண்டியுள்ளது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்த உள்நாட்டுப் போர் பற்றிய இத்தகைய சான்றுகளுள் மிகவும் புகழ்பெற்றவற்றுள் ஒன்று மேரி செஸ்நற் என்னும் பெண்மணியின் நாட்குறிப்பாகும். அது எத்தகைய சான்று, அதனை எவ்வளவுக்கு நம்பலாம் என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

மேரி 1823ஆம் ஆண்டிலே தென் கரோலைனா மாநிலத்திற் பிறந்தார். அவர் தந்தையார் அம்மாநிலத்தின் ஆளுநராகவும், ஐக்கிய நாடுகளின் செனற்சபை உறுப்பினராகவும் விளங்கியவர். தமது பதினேழாம் வயதில் மேரி ஜேம்ஸ் செஸ்நற் என்பாரை மணந்தார். கணவரின் குடும்பம் கம்டன் நகருக்கு அண்மையில் பெருந்தோட்டங்களையும் நூற்றுக்கணக்கான அடிமைகளையும் உடைமையாகக் கொண்டிருந்தது. 1860 நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் சனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டதும், ஜேம்ஸ் தமது செனற்சபைப் பதவியைத் துறந்தார். தென் மாநிலங்கள் பிரிந்து தனிக் கூட்டாட்சி அமைத்தபின், அதன் தலைவரான ஜெபர்சன் டேவிஸின் உதவியாளருள் ஒருவரானார். ஆகவே, ஆட்சியாளரின் உரையாடல்களை அருகிருந்து கேட்கும் வாய்ப்பு மேரிக்குக் கிடைத்தது. 1861 பெப்ரவரியில் அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார்.

அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் நாள் விடியுமுன் சாள்ஸ்ரன் துறைமுகத்திலுள்ள சம்ரர் கோட்டைமீது பீரங்கிகள் முழங்கின. நகர மாந்தர் வீட்டுக் கூரைகளில் ஏறி அதனைப் பார்த்தனர். மேரியும் அவர்களுள் ஒருவர். தொடக்கத்தில் வேடிக்கைபோலத் தோன்றிய போர் விரைவில் வீடுகளுக்குள் நுழைந்தது. வடபகுதிக் கடற்படை துறைமுகங்களை முற்றுகையிட்டமையால் இறக்குமதிப் பொருள்கள் அருகின. தாள் நாணயத்தின் மதிப்பு நாளுக்கு நாள் வீழ்ந்தது. 1863 ஏப்ரலில் தலைநகராகிய றிச்மண்டிலே பெண்கள் திரண்டு உணவு கேட்டுக் கடைகளைச் சூறையாடினர். மேரி கொலம்பியா நகர வைத்தியசாலையிற் காயமுற்ற வீரர்க்குப் பணிபுரிந்தார். 1865இல் தளபதி சேர்மனின் படை நெருங்கியபோது, வட கரோலைனாவிலுள்ள லிங்கன்ரன் என்னும் சிற்றூருக்கு அகதியாகச் சென்றார். அவ்வாண்டு பெப்ரவரி 17ஆம் நாள் கொலம்பியா நகரின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று.

இந்நாட்குறிப்பின் சிறப்பு துன்பங்களைத் தொகுத்துக் கூறுவதோடு அமையவில்லை. அடிமை முறையை மேரி வெறுத்தார். எசமானர் அடிமைப் பெண்களிடத்துப் பிள்ளைகளைப் பெற்றுவிட்டு, மனைவியர் முன் ஒழுக்கசீலர்போல நடந்துகொண்டமையை அஞ்சாது எழுதினார். எனினும் அம்முறையால் வந்த வசதிகளை அவர் துறந்தாரல்லர். அதனைக் காக்கவெழுந்த கூட்டாட்சியின் வெற்றியையே விரும்பினார். 1861 செப்டெம்பரிலே தம் உறவினராகிய மூதாட்டியொருவர் தம் அடிமைகளாற் கொலையுண்ட செய்தி அவரை அச்சுறுத்தியது. பீரங்கி முழக்கத்தின் நடுவே எவ்வித உணர்ச்சியும் காட்டாது ஏவல் செய்துகொண்டிருந்த அடிமைகளின் முகங்களை அவர் உற்று நோக்கினார். அம்மௌனத்தின் பொருள் அவருக்கு விளங்கவில்லை.

இனி, நம்பகத்தன்மை பற்றிய வினாவிற்கு வருவோம். போர்க்காலத்தில் எழுதப்பட்ட மூலக் குறிப்பேடுகளில் ஒரு பகுதியே இன்று எஞ்சியுள்ளது. போரின் பின் வறுமையுற்ற மேரி, முன்னர் அடிமையாயிருந்த பணிப்பெண்ணுடன் கூட்டாக வெண்ணெயும் முட்டையும் விற்றுச் சிறுபொருள் ஈட்டினார். 1880களின் தொடக்கத்தில் தம் குறிப்புக்களை விரித்துப் புதிதாக எழுதினார். 1886இல் அவர் மறைந்தார். நூல் 1905இலே பல பகுதிகள் நீக்கப்பட்டு வெளிவந்தது. வான் வூட்வேட் என்னும் வரலாற்றறிஞர் 1981இல் வெளியிட்ட பதிப்பு மறுநாளாண்டில் வரலாற்றுக்கான புலிற்சர் பரிசைப் பெற்றது. எஞ்சிய மூலக் குறிப்புக்கள் 1984இலே தனியாக அச்சேறின. இரண்டையும் ஒப்பிடுவோர், பிற்காலத்தில் அவர் உரையாடல்களை விரித்தும் நிகழ்ச்சிகளை ஒழுங்குபடுத்தியும் எழுதியமையைக் காணலாம். ஆதலின், அன்றன்று எழுதிய குறிப்பென அதனை முழுவதும் கொள்ளல் தவறு. கற்பனையெனத் தள்ளலும் தவறே. போர்க்காலக் குறிப்பும் இருபதாண்டு கழிந்த நினைவும் கலந்த நூலாக அதனைக் கற்றலே முறை.

இதனினும் பெரிதான குறையொன்றுண்டு. 1860இல் தென் கரோலைனாவில் வாழ்ந்த ஏழு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களுள் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடிமைகள். அவர்க்கு எழுத்தறிவித்தலை அம்மாநிலச் சட்டம் 1834 முதல் தடைசெய்திருந்தது. எனவே, பெரும்பான்மையோரின் போர்க்கால வாழ்வு அவர்தம் கையெழுத்திலே பதிவாதற்கு வழியில்லை. ஜோர்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த சூசி கிங் ரெயிலர் அரிதான விலக்காவார். சவன்னா நகரில் மறைவாக எழுத்துக் கற்ற அவர், 1862இல் வடபடையினர் வசமிருந்த தீவுக்குத் தப்பிச் சென்று, அங்கே கறுப்பினச் சிறார்க்கு ஆசிரியையானார். பின்னர் கறுப்பினப் படைப்பிரிவொன்றிலே துணி வெளுத்தும், காயமுற்றோரைப் பேணியும், வீரர்க்கு எழுத்தறிவித்தும் உழைத்தார். தம் நினைவுகளை 1902இல் நூலாக வெளியிட்டார். மேரிக்கு விளங்காத மௌனத்தின் மறுபுறத்தை இச்சிறு நூலிற் காண்கின்றோம்: ஒருவர் தம் உலகின் அழிவெனக் கண்ட அதே போரிலே மற்றவர் தம் விடுதலையைக் கண்டார்.

வரலாறு பயிலும் மாணவர் இதிலிருந்து கொள்ளத்தக்கது யாது? நாட்குறிப்பொன்று கைக்கு வரும்போது, எழுதியவர் யார், எப்போது எழுதினார், பின்னர் திருத்தினாரா என வினவுதல் வேண்டும். அதனோடு, அவ்வீட்டில் எழுதுகோல் கிட்டாதவர் யாவர் என்றும் வினவுதல் வேண்டும். முதல் மூன்று வினாக்களுக்கும் விடையை ஏடுகளிலே பெறலாம். நான்காவதற்கு விடை காண, ஒரு நூலோடு நில்லாது வேறு சான்றுகளையும் தேடிச் செல்லவேண்டும். உள்நாட்டுப் போரின் வரலாற்றை ஒரு சாராரின் வாய்மொழிகொண்டு மட்டும் எழுதுதல், எஞ்சியோர்க்கு இழைக்கும் இரண்டாவது அநீதியாகும்.