கக்கூஸ்: ஒரு சொல்லும் மலையக வரலாறும்

நாள்தோறும் மக்கள் நாவில் வழங்கியும் அவையில் உரைத்தற்கு ஒவ்வாதெனக் கருதப்படும் சொற்கள் சில உள. நுவரெலியா, அட்டன் பகுதித் தோட்டங்களில் வழங்கிவந்த ‘கக்கூஸ்’ அத்தகையதொரு சொல்லாகும். அதன் வரலாறு மலையக மக்களின் வரலாற்றோடு பிணைந்தது.

இச்சொல்லைக் ‘கக்குதல்’ எனும் வினையோடும், ‘கக்கா’ எனும் குழந்தைமொழியோடும் தொடர்புபடுத்துவாருளர். ஆயின், ‘ஊஸ்’ எனும் ஈற்றை இவ்விளக்கங்கள் தெளிவுறுத்தமாட்டா. ஒல்லாந்த மொழியில் ‘கக்’ என்பது மலத்தையும், ‘ஹொய்ஸ்’ என்பது வீட்டையும் குறிக்கும். இவை இணைந்த தொகைச்சொல்லே தமிழில் ‘கக்கூஸ்’ எனவும், சிங்களத்தில் ‘கக்குஸ்ஸிய’ எனவும் திரிந்தது. அலுவலகத்தைக் குறிக்கும் ‘கந்தோர்’ என்பதும் அம்மொழி தந்ததே.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. 1658 முதல் 1796 வரை ஒல்லாந்தர் ஆண்டது இலங்கையின் கரையோரத்தையே. கண்டி இராச்சியம் அவர்கட்கு அடிபணியவில்லை. 1815இல் அது பிரித்தானியர் வசமாயிற்று. அவ்வாறாயின், ஒல்லாந்தர் ஆளாத மலையில் அவர்தம் சொல் வேரூன்றியதெங்ஙனம்? கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தொடக்கிய தேயிலைச் செய்கையை அடுத்துப் பெருகிய தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கொணரப்பட்டனர். நாகபட்டினமும் 1781 வரை ஒல்லாந்தர் கையில் இருந்தது. எனவே, சோழமண்டலக் கரையிலிருந்தோ இலங்கைக் கரையோரத்திலிருந்தோ இச்சொல் உழைப்பாளரோடு மலையேறியதெனக் கொள்ளலே பொருந்தும்.

சொல் வந்த விரைவில் பொருள் வந்திலது. லயங்களில் வாழ்ந்தோர்க்குத் தேயிலை மலையும் ஓடைக்கரையுமே ஒதுங்குமிடங்களாயின. வெறுங்காலோடு மண்ணில் உழைத்தோரைக் கொழுக்கிப்புழு பற்றியது. 1916இல் ரொக்பெல்லர் தாபனம் தொடங்கிய ஒழிப்பியக்கம் மலகூடங்களின் இன்றியமையாமையை வற்புறுத்தியது. நோயுற்ற தொழிலாளியால் விளைச்சல் குன்றும் என்னும் கணக்கும் தோட்ட முதலாளிமாரின் இசைவுக்குக் காரணமாயிருந்தது.

கூறத்தகாததை மறைத்துக் கூறுதலை நன்னூலார் இடக்கரடக்கல் என்பர். ‘வெளிக்குப் போதல்’ அவ்வகையது. ஆயின், துரை பங்களாவின் மலவாளியைச் சுமந்தவருக்கு ‘வாசகூட்டி’ எனப் பெயரிட்டமை சிந்திக்கற்பாலது. வாசல் கூட்டுபவர் என்னும் பெயர் செயலை மறைத்தது, இழிவை நீக்கவில்லை. அவ்விழிவு பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியினர் மீதே சுமத்தப்பட்டது.

பின்னர் எழுத்துவழக்கில் ‘மலசலகூடம்’ இடம்பெற, ‘கக்கூஸ்’ கொச்சையெனத் தள்ளப்பட்டது. எனினும், 2017இல் தமிழகத்தின் மலமள்ளும் தொழிலாளர் பற்றித் திவ்யபாரதி எடுத்த ஆவணப்படம் அப்பெயரையே தாங்கி வெளிவந்தது. மறைக்கப்பட்ட உண்மையை உரைக்க மறைக்கப்பட்ட சொல்லே வேண்டப்பட்டது போலும்.

மலத்தையும் வீட்டையும் அன்றி வேறெதனையும் குறியாத அச்சொல்லில் இழிவு பிறப்பிலேயே இல்லை. அதனைத் துப்புரவாக்குவோரை நடத்திய முறையே சொல்லையும் மாசுபடுத்திற்று. சொல்லை மாற்றுதல் எளிது; அம்முறையை மாற்றுதலே செய்யத்தக்கது.