குரங்கின் கையில் தூரிகை

குரங்கின் கையில் பூமாலை அகப்பட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஆனால், தாங்கள் அரும்பாடுபட்டுத் தொடுத்த மாலையைத் தாங்களே ஒரு குரங்கிடம் கொடுத்து, "எங்கே, பிய்த்துப் பார்!" என்று சொன்னவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா? 1983-ஆம் வருஷம், கலிபோர்னியாவில், ஆப்பிள் கம்பெனியில் அப்படிச் சிலர் இருந்தார்கள்.

1984 ஜனவரியில் வெளிவந்த மாக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்காக, சித்திரம் வரையும் மாக்பெயின்ட் என்ற புரோகிராமை பில் அட்கின்ஸன் எழுதினார். திறமைக்குக் குறைவில்லை, இடத்துக்குத்தான் பஞ்சம். அந்த யந்திரத்தின் ஞாபகம் மொத்தமே 128 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைவிடப் பல மடங்கு பெரியது! திரை அகலத்தில் 512 புள்ளி, உயரத்தில் 342 புள்ளி. அதற்கே 22 கிலோபைட் போயிற்று. யந்திரத்தின் சொந்தச் செலவு சுமார் 16. மிச்சம் 90 கிலோபைட்டுக்குள் புரோகிராமும் இருக்கவேண்டும், படமும் இருக்கவேண்டும்.

படத்தின் முழுத் தாளோ 576-க்கு 720 புள்ளி. அதை அப்படியே ஏற்றினால் 50 கிலோபைட்டுக்கு மேல் விழுங்கிவிடும். ஆகவே, கண்ணுக்குத் தெரிகிற பகுதியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மற்றதை டிஸ்கிலேயே விட்டார்கள். அந்தப் பகுதிக்கும் ஒன்றுக்கு மூன்றாக இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. தப்பாக இழுத்த கோட்டை ரத்து செய்யப் பழைய படத்தின் நகல் வேண்டும். திரை படபடக்காமல் இருக்க மறைவில் வரைந்து பார்க்க இடம் வேண்டும்.

ஒண்டுக் குடித்தனம் நடத்தியவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். எல்லாரும் எப்படியோ ஒடுங்கிப் படுத்தாயிற்று என்கிறபோதுதான் விருந்தாளி கதவைத் தட்டுவான். இங்கே விருந்தாளி, படம் வரையும்போது நடுவில் திறக்கிற கால்குலேட்டர் போன்ற ஏதாவது ஒரு குட்டி உபகரணம். சில சமயம் புரோகிராம் மூர்ச்சை போட்டு விழுந்தது. எந்த வரிசையில் எதைச் செய்தால் விழுகிறது என்பதுதான் பிடிபடவில்லை. திரும்பச் செய்து பார்த்தால் பரம சாதுவாக நடக்கும். டாக்டர் வந்ததும் இறங்கிவிடும் ஜுரம் மாதிரி. எழுதியவனே சோதித்தால் இப்படித்தான். தன் வீட்டில் எந்தப் படி ஆடும் என்று தெரிந்தவன் அதில் காலை வைப்பானா?

ஸ்டீவ் காப்ஸ் என்பவர் அப்போது வேறொரு காரியத்தில் இருந்தார். பதிவு செய்து வைத்த அசைவுகளைக் கொண்டு யந்திரம் தானே தன்னை இயக்கிக் காட்டும் ஏற்பாடு அது. புதிதாக வாங்குகிறவர்களுக்குப் பாடம். பதிவுக்குப் பதிலாகத் தாறுமாறான அசைவுகளைக் கொடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 'குரங்கு' பிறந்தது. கோபம் கொண்ட வானரம் ஒன்று மின்னல் வேகத்தில் கண்ட இடத்தில் தட்டி, கண்டபடி இழுத்து, திரையைத் துவம்சம் செய்வது போலிருந்ததாம்.

அதிலும் ஒரு தொல்லை. கண்டதையெல்லாம் தொடுகிற குரங்கு, 'வெளியேறு' என்ற கட்டளையையும் சீக்கிரமே தொட்டுவிட்டு வெளியே போய்விட்டது! உபாயம் சொன்னவர் அட்கின்ஸன். குரங்கு உள்ளே இருக்கிறது என்பதற்கு ஞாபகத்தில் ஓர் அடையாளம் வைத்தார்கள். அதைக் கண்டால் மாக்பெயின்ட் வாசற்கதவைத் தாளிட்டுவிடும். பிறகு, மனிதர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்; குரங்கு ராத்திரி முழுவதும் ஆடும்.

1984 செப்டம்பரில் நான்கு மடங்கு ஞாபகமுள்ள மாக்கின்டாஷ் வந்தது. நெருக்கடி தளர்ந்தது, குரங்கையும் மெல்ல மறந்தார்கள். ஆனால், யந்திரம் தன் சொந்தக் குறிப்புகளுக்கென்று வைத்திருந்த பகுதியில், முதல் இடமான 256-ஆம் விலாசத்தில், அந்த அடையாளத்தின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது: 'மங்கி லிவ்ஸ்' - குரங்கு உயிரோடிருக்கிறது.