ஆலைச் சிறாரைப் படம்பிடித்த லூயிஸ் ஹைன்

லூயிஸ் ஹைன் (1874–1940) அமெரிக்க ஒளிப்படக் கலைஞர். நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1908-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவின் ஒளிப்படக்காரரானார். நூற்பாலை, நிலக்கரிச் சுரங்கம், கண்ணாடித் தொழிற்சாலை என அலைந்து உழைக்கும் சிறாரைப் படமெடுத்தார்.

முதலாளிகள் கேமராவை உள்ளே விட விரும்பவில்லை. ஆகவே சில இடங்களில் தீத்தடுப்பு ஆய்வாளர், பைபிள் விற்பவர் என்று சொல்லி நுழைந்தார். தரையிலிருந்து தன் மேற்சட்டைப் பொத்தான்கள் இருக்கும் உயரத்தை முன்பே அளந்து வைத்திருந்தார். அருகில் நிற்கும் சிறுவனின் தலை எந்தப் பொத்தானுக்கு வருகிறது என்பதிலிருந்து அவனது உயரம் தெரிந்துவிடும். பெயர், வயது, வேலை ஆகியவற்றைச் சட்டைப்பைக்குள் கையை வைத்தபடியே குறித்துக்கொண்டார். படங்களைப் பொய் என்று தள்ள முடியாமல் செய்தவை இக்குறிப்புகளே. அவற்றின் கலையழகைப் புகழ்வோர் இதை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

இருண்ட இடங்களில் மக்னீசியத் தூளை எரித்து வெளிச்சம் உண்டாக்கினார். ஒளிப்படத்தைப் புள்ளிகளாக மாற்றி அச்சிடும் முறை அப்போது பரவியிருந்தது. அதனால் ஆலைக்குள் எடுத்த படம் இதழ்கள், சுவரொட்டிகள் வழியே வீடுகளுக்கும் தெருக்களுக்கும் வந்தது.

1916-இல் நாடாளுமன்றம் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இயற்றியது. இரண்டே ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென அறிவித்தது. 1938-இல் புதிய தொழிலாளர் சட்டம் வந்தது. 1941-இல் அதை ஏற்ற அதே நீதிமன்றம், தன் 1918-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் கைவிட்டது. ஹைன் அதற்கு முந்தைய நவம்பரில் வறுமையில் இறந்திருந்தார்.