26 என்ற எண்: செபாஸ்டியன் அப்ரேயுவும் ‘நாடோடி வீரர்’ என்ற வகையும்

விளையாட்டு வீரர்களின் இடப்பெயர்வை ஆராய்வோர் ஜோசப் மக்வையர் 1996இல் எழுதிய கட்டுரையைத் தவிர்த்துவிட்டுப் போவதில்லை. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களை வைத்து அவர் ஐந்து வகைகளைப் பிரித்தார்: முன்னோடிகள், குடியேறுவோர், பணத்துக்காகப் போவோர், நாடோடிகள், ஊர் திரும்புவோர். மகீயும் சக்டெனும் 2002இல் இதைக் கால்பந்துக்கு விரித்தனர். இவற்றுள் நாடோடி என்ற வகையோடுதான் எனக்கு வழக்கு. மற்றவர்களைப் பணமோ வேலையோ குடும்பமோ நகர்த்த, நாடோடியை மட்டும் அவனுடைய மனமே நகர்த்துவதாக மக்வையர் கொள்கிறார்: புதிய ஊர்களைக் காணும் ஆசை, அந்நிய நகரத்தில் அந்நியனாக வாழும் விருப்பம். வகைகள் ஒன்றோடொன்று கலக்கும் என்று அவரே ஒப்புக்கொள்வது உண்மைதான். ஆயினும் மனத்தைக் காரணமாக்கிவிட்டால் ஒப்பந்தத்தைப் படிக்கும் தேவை மறைந்துவிடுகிறது.

உருகுவேயின் மினாஸ் நகரில் 1976இல் பிறந்த முன்கள வீரர் செபாஸ்டியன் அப்ரேயு இந்த வகைக்கு அளவெடுத்துத் தைத்தவர் போலத் தோன்றுவார். பட்டப்பெயரே ‘எல் லோகோ’, அதாவது பித்தன். 2010 உலகக்கோப்பைக் காலிறுதியில், கானாவுக்கு எதிராகத் தம் அணியை வெல்லவைக்கும் கடைசிப் பெனால்டியை, பந்தின் அடியில் மெல்லத் தட்டி நடுவே மிதக்கவிட்டவர். அப்படிப்பட்டவர் 11 நாடுகளில் ஆடினார் என்றால் சுபாவம்தான் காரணம் என்று சொல்லிவிடத் தோன்றும்.

சான்றாகக் காட்டப்படுவது ஒரே எண். 2017 டிசம்பரில் சிலியின் ஆடாக்ஸ் இத்தாலியானோவில் சேர்ந்தபோது அது அவருடைய 26ஆவது கழகம். ஜெர்மானியக் கோல்காப்பாளர் லுட்ஸ் ஃபானென்ஸ்டீலின் 25 என்ற சாதனை முறிந்தது. இந்த 26 எப்படி வருகிறது என்று பிரித்துப் பார்த்தேன். ஒரு கழகம் ஒருமுறைதான் எண்ணப்படுகிறது. இரவலாகச் சென்ற கழகமும் முழுக் கழகமாகவே சேர்கிறது. இந்த இரண்டு விதிகளும் ஒரே பக்கம் சாய்பவை. மான்டிவிடியோவின் நாசியோனாலுக்கு 2001 தொடங்கிப் பலமுறை திரும்பி வந்தவர் அவர்; சான் லொரென்சோவுக்கும் ரிவர் பிளேட்டுக்கும் மறுபடி போனவர். அந்தத் திரும்புதல்கள் எதுவும் எண்ணில் இல்லை. திரும்புதல்களை அழித்துவிட்டு எண்ணினால் யாருடைய வாழ்க்கையும் நாடோடி வாழ்க்கையாகத்தான் தெரியும்.

இரவல் இன்னும் முக்கியமானது. 1998 தொடக்கத்தில் ஸ்பெயினின் டெபோர்ட்டிவோ லா கொருன்யா அவரை வாங்கியது. லீக்கில் அவர் ஆடியவை 15 ஆட்டங்கள், போட்டவை 3 கோல்கள். பிறகு கிரெமியோ, டெகோஸ், மீண்டும் சான் லொரென்சோ, நாசியோனால், க்ரூஸ் அசுல் என்று இரவல் நீண்டது. டெபோர்ட்டிவோ தன் ஒரே லீக் பட்டத்தை 2000இல் வென்றபோது அதன் சொத்தான அப்ரேயு மெக்சிகோவில் இருந்தார். அந்த உரிமை முற்றிலும் எப்போது விலகியது என்பதை ஆட்டப் பட்டியல்களைக் கொண்டு மட்டும் அறுதியிட இயலாது. 2003–04 என்ற எல்லைக்குள் வைப்பதே பாதுகாப்பு. எப்படியானாலும், 26இல் குறைந்தது நான்கு கழகங்கள் ஒரே ஒப்பந்தத்தின் கிளைகள்.

டெபோர்ட்டிவோ ஏன் அவரை வைத்துக்கொள்ளவில்லை? 1995 டிசம்பரின் போஸ்மான் தீர்ப்புக்குப் பின் ஐரோப்பிய ஒன்றியத்தவருக்குக் கதவு திறந்தது. வெளியாருக்கான இட வரம்பு ஸ்பெயினில் நீடித்தது. மவ்ரோ சில்வா, ஜால்மினியா போன்ற பிரேசிலியர்கள் நிறைந்த அணியில் உருகுவேக்காரர் ஒருவருக்கு இடம் அருகியிருக்க வேண்டும். இது சூழலிலிருந்து பெறும் ஊகம்தான். ஆனால் ஊர் சுற்றும் ஆசை என்பதும் ஊகமே. என்னுடையதற்காவது ஒரு விதிமுறை பின்னால் நிற்கிறது.

மெக்சிகோ மேலும் தெளிவானது. 26இல் 7 கழகங்கள் அந்த ஒரு நாட்டிலேயே. 1996 முதல் அங்கே ஆண்டுக்கு இரண்டு குறுந்தொடர்கள். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு முடிந்து புதுக் கணக்கு திறக்கும். 2002 கோடைத் தொடரில் க்ரூஸ் அசுலுக்காக 19 கோல் போட்டு முதலிடம் பெற்றவரை இந்தச் சந்தை கைவிடவில்லை, கைமாற்றிக்கொண்டே இருந்தது. அவர் ஆடிய டொராடோஸ் கழகம் 2006இல் தரமிறங்கியது. அவர் மான்டெரே போனார். இதில் சுபாவத்துக்கு என்ன வேலை?

மக்வையருக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய இடமும் உண்டு. 2017 என்ற ஒரே ஆண்டுக்குள் பாங்கு, சென்ட்ரல் எஸ்பான்யோல், புவெர்ட்டோ மான்ட், முடிவில் ஆடாக்ஸ். நாற்பதைத் தாண்டிய வீரரின் இந்த ஓட்டத்தை எந்த இட வரம்பும் விளக்காது. விருப்பம் அங்கே செயல்படுகிறது. ஆனால் அது ஊர்களின் மீதான விருப்பமா, அந்த எண்ணின் மீதான விருப்பமா என்பது வேறு கேள்வி. இந்தத் திருப்பம் எப்போது தொடங்கியது என்பதிலும் நான் உறுதியாக இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்த பொட்டாஃபோகோவை விட்டு நீங்கிய 2012ஐச் சொல்லலாம். ஆனால் அதற்குப் பின்னும் நாசியோனாலுக்குத் திரும்பினார், ரொசாரியோ சென்ட்ராலில் ஆடினார்; இரண்டும் பெரிய கழகங்கள். ஆகவே எக்வடாரின் ஔகாஸில் சேர்ந்த 2015ஐ நோக்கியே சாய்கிறேன், இப்போதைக்கு.